எங்கே நிறுத்துவது: கம்பம் பள்ளத்தாக்குச் சிறுமி ஒருத்தியின் முதுகுத்தண்டு வளைவு அறுவைச் சிகிச்சை

இந்த நிகழ்வை எழுதுவதற்குச் சிறுமியிடமும் பெற்றோரிடமும் ஒப்புதல் பெற்றிருக்கிறோம். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

மதுரையில் உள்ள எங்கள் மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தபோது அவளுக்கு வயது 14 நிரம்பி இரண்டு மாதம் ஆகியிருந்தது. கம்பத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வீடு. தாய், விடியும் முன்பே ஜீப் ஏறி மலைப்பாதை வழியாக எல்லை தாண்டி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு அந்தி சாயும் நேரத்தில் வீடு திரும்புகிறவர். தந்தைக்குத் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. வலது தோள்பட்டை எலும்பு பின்பக்கம் துருத்திக்கொண்டிருப்பதை முதலில் கவனித்தது பெற்றோர் அல்ல; பள்ளிச் சீருடை தைக்க அளவெடுத்த தையற்காரப் பெண்மணி. இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இல்லை என்று அவர் சொன்னபோது சிறுமிக்கு 12 வயது. பக்கவளைவு (ஸ்கோலியோசிஸ்) எனப்படும் இந்த நோயைப் பெரும்பாலும் முதலில் கண்டுபிடிக்கிறவர்கள் தையற்காரர்களும், தலை பின்னிவிடும் பாட்டிகளுமே என்பது எங்கள் துறையில் எல்லோரும் அறிந்ததுதான். பெரும்பாலும் வலி இல்லாத நோய் என்பதால் குழந்தைகள் தாமாக வந்து சொல்வதில்லை.

அப்போது எடுத்த எக்ஸ்ரேயைத் தாய் பத்திரமாக வைத்திருந்தார். வளைவு 34 பாகை. இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வளர்ச்சித் தகடு தோன்றவே இல்லை. அதாவது ரிஸ்ஸர் நிலை பூச்சியம், வளர்ச்சி நிறைய மிச்சம் இருக்கிறது என்று பொருள். பூப்படைவதற்கும் இன்னும் சில மாதங்கள் இருந்தன. வளரும் பிள்ளையிடம் 25 பாகைக்கும் 40 பாகைக்கும் இடைப்பட்ட வளைவு இருந்தால் உடலோடு ஒட்டிய பிளாஸ்டிக் கவசம் அணிவிப்பதே முறை; அதைத்தான் அன்று பார்த்த மருத்துவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார். கவசம் செய்தும் வாங்கியிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் சீருடைக்குள் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போக அவள் மறுத்துவிட்டாள். வீட்டில் மாலை இரண்டு மூன்று மணி நேரம் அணிந்தாள். சில மாதங்களில் அதுவும் நின்றது. பிறகு உறவினர் ஒருவரின் பேச்சைக் கேட்டு எண்ணெய் தேய்த்து நீவிவிடும் வைத்தியத்துக்கு ஒன்பது மாதம் போயிருக்கிறார்கள்.

கவசத்தின் பயன் பற்றி நீண்ட காலம் ஐயம் இருந்தது. 2013-இல் வெளியான அமெரிக்க, கனடிய மருத்துவமனைகளின் கூட்டு ஆய்வு அதைத் தீர்த்துவைத்தது. கவசம் அணிந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கு, வளர்ச்சி முடியும் வரை வளைவு 50 பாகையைத் தொடவில்லை; வெறுமனே கண்காணிக்கப்பட்டவர்களில் இது 48 விழுக்காடுதான். நாளொன்றுக்குச் சராசரியாக 13 மணி நேரமாவது அணிந்தவர்களிடம் பயன் 90 விழுக்காட்டையும் கடந்தது. பயன் அணியும் நேரத்தைப் பொறுத்தது என்பதுதான் இதில் முக்கியம். மருந்துச் சீட்டில் கவசம் என்று எழுதிவிடுவதோடு மருத்துவர் கடமை முடிவதில்லை. வகுப்பறையில் மின்விசிறி இருக்கிறதா, உள்ளே போட்டுக்கொள்ளப் பருத்திப் பனியன் எத்தனை இருக்கிறது என்றெல்லாம் கேட்டிருக்க வேண்டும். பிள்ளை வீட்டில் இருக்கும் இரவு நேரத்தையே முதன்மையாக வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தால் ஒருவேளை இந்த நிகழ்வை எழுத நேர்ந்திருக்காது. ஆனால் இது பின்னால் நின்று பேசுகிற பேச்சு.

பரிசோதனை

உயரம் 149 சென்டிமீட்டர், எடை 36 கிலோ. நிற்கும்போது வலது தோள் ஒன்றரை சென்டிமீட்டர் உயர்ந்திருந்தது. இடது இடுப்பின் மடிப்பு ஆழமாக இல்லாமல் நேராக இறங்கியது. கைகளைச் சேர்த்து முன்னால் குனியச் சொன்னபோது வலப்பக்க விலாக்கூடு மேடாக எழும்பியது. 1865-இல் வில்லியம் ஆடம்ஸ் விவரித்த இந்தக் குனியும் சோதனைக்கு இன்றுவரை மாற்று இல்லை. முதுகின் மேல் வைத்துப் பார்க்கும் சாய்வுமானி 17 பாகை காட்டியது. ஐந்து முதல் ஏழு பாகைக்குள்ளேயே நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்பது பொதுவான அளவுகோல்.

காரணம் புலப்படாத வளைவு என்ற முடிவுக்கு வருமுன் காரணம் உள்ள வளைவுகளை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். தோலில் காப்பி நிறத் திட்டுகள் இல்லை. கைவிரல்கள் அளவுக்கு மீறி நீளமாக இல்லை; இதய எக்கோ இயல்பாக இருந்தது. தொப்புளைச் சுற்றி நான்கு பக்கமும் தோலை மெல்லக் கீறிப் பார்க்கும் வயிற்று அனிச்சைச் செயல் இருபுறமும் சமமாக இருந்தது. இது ஒருபுறம் மட்டும் இல்லாமற்போனால் தண்டுவடத்துக்குள் நீர்ப்பை இருக்கிறதா என்று ஐயுற வேண்டும். வளைவு 21 மாதங்களில் விரைந்து கூடியிருந்ததால் முழு முதுகுத்தண்டுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். தண்டுவடம், மூளையடி இரண்டிலும் குறை ஒன்றும் இல்லை.

புதிய எக்ஸ்ரேயில் மார்புப் பகுதியின் முதன்மை வளைவு வலப்பக்கமாக 62 பாகை; அதற்கு மேலே இடப்பக்கமாக 30, கீழே இடுப்புப் பகுதியில் இடப்பக்கமாக 36. படுக்கவைத்து இரு பக்கமும் வளையச் சொல்லி எடுத்த படங்களில் முதன்மை வளைவு 38 வரை மட்டுமே நிமிர்ந்தது. மேல் வளைவு 18 ஆகவும் இடுப்பு வளைவு எட்டாகவும் தாமாகவே குறைந்தன. வளைந்து எடுத்த படத்திலும் 25 பாகைக்குக் குறையாத வளைவே இறுகிப்போன வளைவு என்பது 2001-இல் லென்கே குழுவினர் வெளியிட்ட வகைப்பாட்டின் விதி. அதன்படி இவளிடம் இறுகியிருந்தது நடு வளைவு ஒன்றுதான். மற்ற இரண்டும் உடலை நடுக்கோட்டில் நிறுத்துவதற்காக முதுகுத்தண்டு தானே வகுத்துக்கொண்ட ஈடுகட்டல்கள். பக்கவாட்டுப் படத்தில் மார்பு முதுகுக்கு இருக்க வேண்டிய இயல்பான பின்வளைவு எட்டுப் பாகையாகத் தட்டையாகிப் போயிருந்தது. கைநீட்டத்தை உயரமாகக் கொண்டு கணக்கிட்டதில் நுரையீரல் கொள்ளளவு எதிர்பார்க்கப்பட்டதில் 68 விழுக்காடு. முதுகு வளைந்த பிள்ளையின் நின்ற உயரத்தை வைத்துக் கணக்கிட்டால் நுரையீரல் இருப்பதைவிட நன்றாக இருப்பதாகத் தோன்றி ஏமாற்றும்.

முடிவெடுத்த விதம்

அறுவைச் சிகிச்சை வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. மார்பு வளைவு 50 பாகையைக் கடந்துவிட்டால் வளர்ச்சி நின்ற பிறகும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகை கூடிக்கொண்டே போகும். நாற்பது வயதில் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்கும்போது எலும்பு இறுகியிருக்கும், ஆபத்தும் கூடியிருக்கும்.

எலும்பை இணைக்காமல், வளைவின் வெளிப்பக்கத்தில் நெகிழும் வடம் கட்டி வளர்ச்சியையே நிமிர்த்தப் பயன்படுத்தும் முறையைப் பற்றித் தந்தை கைப்பேசியில் பார்த்துவிட்டுக் கேட்டார். 2019 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு வரம்புடன் கூடிய அனுமதி அளித்தது. 30 முதல் 65 பாகை வரை வளைவும், மிச்சம் வளர்ச்சியும் உள்ள பிள்ளைகளுக்கு அது. இவளுக்குப் பாகை வரம்புக்குள் வந்தாலும் ரிஸ்ஸர் நிலை மூன்று. பூப்படைந்து 16 மாதம் ஆகிவிட்டது. வடம் நிமிர்த்துவதற்கு வேண்டிய வளர்ச்சி கையில் இல்லை. எனவே பின்புறமாகத் திறந்து, திருகுகளும் கம்பிகளும் பொருத்தி, முள்ளெலும்புகளை ஒன்றாக இணைப்பது என்று தீர்மானித்தோம்.

எந்த முள்ளெலும்பில் தொடங்கி எதில் முடிப்பது என்பதில்தான் இரண்டு வாரம் பேசினோம். இந்த அறுவைச் சிகிச்சையில் கை வேலையைவிடக் கடினமானது இதுதான் என்பது என் எண்ணம். எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், இடுப்பு வளைவையும் சேர்த்து மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பு வரை இணைத்துவிட்டால் படம் நூல் பிடித்தாற்போல் இருக்கும், பின்னாளில் கீழே வளைவு நீளும் தொல்லையும் குறையும் என்றார். முதல் இடுப்பு முள்ளெலும்போடு நிறுத்த வேண்டும் என்பது என் நிலை. இடுப்பின் நடுவிலிருந்து மேலே எழுப்பிய செங்குத்துக் கோடு கீழிருந்து வரும்போது கடைசியாகத் தொடும் முள்ளெலும்பு அதுதான். இடுப்பு வளைவு நெகிழ்வாக இருக்கிறது. மேலே நிமிர்த்தினால் கீழே தானாக நிமிரும் என்று நம்ப இடம் இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. ஏலச்செடியின் காய் உச்சியில் காய்ப்பதில்லை. தூரை ஒட்டித் தரையில் படரும் சரங்களில் காய்க்கும். பழம் எடுக்கிறவர் நாள் முழுக்கக் குந்தியும் குனிந்தும் இருக்க வேண்டும். குனிவது இடுப்பு முள்ளெலும்புகளின் வேலை. மார்புப் பகுதி விலாக்கூட்டோடு கட்டுண்டு கிடப்பதால் அங்கே இணைப்பதால் இழப்பு சிறிது. ஆனால் இடுப்பில் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு மூட்டுக்கும் விலை உண்டு, மிஞ்சிய மூட்டுகள் அந்தச் சுமையையும் சேர்த்துத் தாங்க வேண்டும். இதை விளக்கிக்கொண்டிருந்தபோது தாய் இடைமறித்து, “எம்பிள்ள தோட்டத்துக்குப் போகமாட்டா சார். அதுக்குத்தான் படிக்க வைக்கிறேன்” என்றார். நான் வருத்தம் தெரிவித்துக்கொண்டேன். தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதும், குந்திக் கோலம் போடுவதும், பிள்ளையைத் தூக்குவதும் எந்த வேலைக்குப் போனாலும் இருக்கும் என்று சொன்னபோது ஒப்புக்கொண்டார். பிள்ளைப்பேறு பற்றியும் அவர் கேட்டார். இணைப்பு முதல் இடுப்பு முள்ளெலும்போடு முடிந்தால் தண்டுவட மயக்க ஊசி போடும் இடம் தொடப்படாமல் இருக்கும். கருத்தரிக்கவும் தடை இல்லை.

நீளமாக இணைத்துத் தட்டையாக்கியதன் விளைவை இத்துறை ஏற்கனவே ஒருமுறை பட்டு அறிந்திருக்கிறது. ஹூஸ்டனில் போலியோ தாக்கிய பிள்ளைகளுக்காகப் பால் ஹாரிங்டன் உருவாக்கி 1962-இல் வெளியிட்ட கம்பி, மேலே ஒரு கொக்கி கீழே ஒரு கொக்கி மாட்டி, வண்டிக்கு ஜாக்கி வைப்பது போல நீட்டி நிமிர்த்தியது. முன்னிருந்து பார்த்தால் வளைவு குறைந்தது. ஆனால் கம்பி இடுப்பு வரை இறங்கியவர்களுக்கு இடுப்பின் இயல்பான உள்வளைவு அழிந்து, நடுவயதில் முன்னால் சாய்ந்தபடி நடக்க நேர்ந்தது. பக்கவளைவு என்று நாம் வைத்திருக்கும் பெயரே பாதி உண்மைதான். முள்ளெலும்புகள் பக்கவாட்டில் சாய்வதோடு தம் அச்சில் திருகிக்கொள்ளவும் செய்கின்றன, மார்பின் பின்வளைவையும் இழக்கின்றன. 1980-களில் பிரான்சின் கோத்ரெல், துபூசே இருவரும் கம்பியை வளைத்துப் பொருத்தி உருட்டியபோதுதான் மூன்று தளங்களும் சேர்ந்து கணக்கில் வந்தன. மார்பு முள்ளெலும்பின் காம்பு (முள்ளெலும்பின் முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்கும் எலும்புப் பாலம்) வழியாகத் திருகு இறக்கி வளைவைத் திருத்தலாம் என்பதை 1995-இல் கொரியாவின் சே-இல் சுக் காட்டினார். இன்று நாங்கள் செய்வதெல்லாம் அந்த வழியில் வந்ததே.

கடைசியில் நான்காம் மார்பு முள்ளெலும்பு முதல் முதல் இடுப்பு முள்ளெலும்பு வரை பத்து முள்ளெலும்புகள் என்று முடிவாயிற்று. நிலையான நரம்புச் சேதம் நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே நேரும் என்றாலும் அந்த ஒருவர் யாராகவும் இருக்கலாம் என்பதைப் பெற்றோருக்குத் தமிழில் எழுதியே கொடுத்தோம். காப்பீட்டுக்கான வருமானச் சான்று வாங்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் அவளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து ஹீமோகுளோபினை 12-க்கு ஏற்றினோம்.

அறுவை அரங்கில்

வயிறு அழுந்தாமல் தொங்கும்படியான சட்டத்தில் குப்புறப் படுக்கவைத்தோம். வயிறு அழுந்தினால் முதுகுத்தண்டைச் சுற்றிய சிரைகள் புடைத்து இரத்தப்போக்கு கூடும். மூளையிலிருந்து கால் தசைக்கு மின்துடிப்பு போகிறதா என்று அறுவை முழுக்கக் கண்காணிக்க வேண்டியிருந்ததால், அத்துடிப்பை மழுங்கடிக்கும் மயக்க வாயுக்களைத் தவிர்த்து, சிரை வழி மருந்துகளால் மட்டுமே மயக்கம் கொடுக்கப்பட்டது. இரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம் தொடக்கத்திலிருந்தே ஏறியது. சிந்தும் இரத்தத்தைச் சேர்த்துக் கழுவி அவளுக்கே திரும்ப ஏற்றும் கருவியும் ஓடியது.

தசையை ஒதுக்கி எலும்பை வெளிக்கொணர்ந்து, சிறு மூட்டுகளை நீக்கினோம். வளைவின் உச்சியில் மூன்று மட்டங்களில் பின்பக்க எலும்பையும் தசைநாரையும் முழு அகலத்துக்கு வெட்டித் தளர்த்தினோம். வளைவின் உட்பக்கமான இடப்பக்கத்தில் உச்சி முள்ளெலும்புகளின் காம்பு மெலிந்திருக்கும்; தண்டுவடமும் அந்தச் சுவரை ஒட்டியே கிடக்கும். துளையிட்ட ஒவ்வொரு முறையும் மெல்லிய கம்பியால் நான்கு சுவரையும் அடியையும் தடவிப் பார்த்தே திருகு இறக்கினோம். இருபது இடங்களில் பதினாறில் மட்டுமே திருகு. சந்தேகம் வந்த நான்கு காம்புகளை விட்டுவிட்டோம்.

இடப்பக்கம் 5.5 மில்லிமீட்டர் கோபால்ட் குரோம் கம்பியை, இழந்த பின்வளைவு திரும்பக் கிடைக்கும்படி சற்றுக் கூடுதலாக வளைத்துப் பொருத்தி, மெதுவாக உருட்டத் தொடங்கினோம். முக்கால் பங்கு உருட்டியபோது இரண்டு கால்களின் மின்துடிப்பும் விழுந்தன. இடது காலில் முன்பிருந்ததில் ஐந்தில் ஒரு பங்கே மிச்சம்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை முன்பே சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். யோசிக்க நேரம் இல்லாதபோது யோசிக்கத் தேவையில்லாதபடி அது எழுதப்பட்டிருக்கிறது. பேச்சை நிறுத்தினோம். மின்முனைகள் கழன்றிருக்கின்றனவா என்று ஒருவர் பார்த்தார். மயக்கவியல் மருத்துவர் சராசரி இரத்த அழுத்தத்தை 72-இலிருந்து 90-க்கு ஏற்றினார். உடல் வெப்பம் 35 பாகை செல்சியஸுக்கு இறங்கியிருந்தது. வெதுவெதுப்பான நீரைக் காயத்தில் ஊற்றினோம். ஹீமோகுளோபின் 7.9, ஒரு யூனிட் இரத்தம் ஏற்றப்பட்டது. நான் கம்பியின் பூட்டுகளைத் தளர்த்தி வளைவை அதன் பழைய இடத்துக்கே போகவிட்டேன். எக்ஸ்ரேயில் எந்தத் திருகும் இடம் தவறியிருக்கவில்லை. பதினான்காவது நிமிடத்தில் இரு கால்களின் துடிப்பும் முழுமையாகத் திரும்பின.

தண்டுவடம் இழுவையை ஓரளவு தாங்கும், இரத்தக் குறைவையும் ஓரளவு தாங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் தாங்காது. இங்கே நடந்தது அதுதான் என்று கருதுகிறேன். துடிப்பு திரும்பியதால் மயக்கத்தைத் தெளிவித்துக் கால்களை அசைக்கச் சொல்லிப் பார்க்கும் பழைய சோதனை தேவைப்படவில்லை. இரத்த அழுத்தம் உயர்ந்தே இருந்த நிலையில் மீண்டும் நிமிர்த்தலாமா என்ற கேள்வி எழுந்தது. மீண்டும் நிமிர்த்தினோம், ஆனால் கம்பியை வேறு விதமாக வளைத்து. முதலில் எண்ணியது வளைவை 12 பாகைக்குக் கொண்டுவருவது. இப்போது கம்பியிலேயே 25 பாகை அளவு மிச்சம் வைத்து, முதுகுத்தண்டை அதற்குக் கொண்டுவந்தோம். துடிப்பு அசையவில்லை. வலப்பக்கக் கம்பியையும் பொருத்தி, எலும்பின் மேற்பரப்பைச் சுரண்டி, அவள் எலும்புத் துகளையே பரப்பி மூடினோம். ஐந்து மணி இருபது நிமிடம் ஆயிற்று. இரத்த இழப்பு 850 மில்லிலிட்டர். 36 கிலோ எடையுள்ளவளுக்கு இது உடலில் உள்ள மொத்த இரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு.

பிறகு

விழித்ததும் இரண்டு பாதங்களையும் ஆட்டினாள். இரண்டாம் நாள் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் நடந்தாள். நிற்கவைத்து எடுத்த படத்தில் முதன்மை வளைவு 26 பாகை, தொடாமல் விட்ட இடுப்பு வளைவு 16, மார்பின் பின்வளைவு 21. தோள்கள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தன. உயரம் 152.

ஐந்தாம் நாள் பச்சை நிறத்தில் வாந்தி எடுக்கத் தொடங்கினாள். மலம் போகாததால் என்று முதலில் எண்ணி ஒரு நாளை வீணாக்கினோம். மெலிந்த பிள்ளையின் முதுகு திடீரென நீளும்போது, குடலுக்குப் போகும் தமனிக்கும் அதன் பின்னால் உள்ள பெருந்தமனிக்கும் இடையிலுள்ள கோணம் குறுகி, நடுவில் செல்லும் சிறுகுடலின் தொடக்கப் பகுதி நசுங்குவதுண்டு. ஸ்கேனில் அதுவே தெரிந்தது. மூக்கு வழியாகக் குழாய் இட்டு இரைப்பையைக் காலி செய்து, சிரை வழி நீரும் உப்பும் கொடுத்து, இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்ததில் நான்கு நாளில் சரியாயிற்று. எடை குறைந்த பிள்ளைகளுக்கு அறுவைக்கு முன்பே ஓரிரு கிலோ ஏற்றிவிடுவது நல்லது என்பதை அதன் பிறகு எங்கள் பிரிவில் வழக்கமாக்கிக்கொண்டோம். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். மதுரையிலிருந்து கம்பம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் என்பதால் வழியில் இரண்டு இடத்தில் இறங்கி நடக்கச் சொல்லியிருந்தோம்.

முதல் மறுபரிசோதனையில் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டியதும் தந்தை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் வளைவு தெரியுதே சார்” என்றார். அரங்கில் நடந்ததை அறுவை முடிந்த அன்றே சொல்லியிருந்தோம். ஆனால் அன்று அவர் காதில் விழுந்தது பிள்ளை கால் ஆட்டுகிறாள் என்பது மட்டுமே. மீண்டும் முழுவதையும் சொன்னேன். மேல் வளைவு மிச்சம் இருக்கும்போது நடு வளைவை மட்டும் முழுதாக நிமிர்த்தியிருந்தால் இடது தோள் மேலே ஏறியிருக்கக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அது உண்மைதான் என்றாலும், நாங்கள் நிறுத்தியதற்குக் காரணம் தோள் அல்ல, துடிப்பு என்பதையும் மறைக்கவில்லை.

இரண்டாண்டு நிறைந்தபோது முதன்மை வளைவு 27, இடுப்பு வளைவு 15. படம் எடுப்பதில் உள்ள இயல்பான பிழைக்கு உட்பட்ட மாற்றம் இது. இணைப்புக்குக் கீழே வளைவு நீளவில்லை. எலும்பு நன்கு கூடியிருந்தது. நுரையீரல் கொள்ளளவு 74 விழுக்காடு. குனிந்து விரல் நுனியால் தரையைத் தொட முடிகிறது. முதுகில் நீண்ட தழும்பு இருப்பதால் பின்பக்கம் இறக்கித் தைத்த ரவிக்கை வேண்டாம் என்று அவளே முடிவு செய்துகொண்டிருக்கிறாள். விலாமேடு சிறிதளவு இன்னும் தெரிகிறது, அது பற்றி அவளிடம் குறை இருக்கிறது. மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பு வரை போயிருக்க வேண்டும் என்ற மூத்தவர் இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, பத்தாண்டு கழித்துச் சொல்லுங்கள் என்றார். நியாயமான கோரிக்கை.

அன்று அவளோடு பதினோரு வயதுத் தங்கையும் வந்திருந்தாள். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தவர்களுக்கும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் அவளையும் குனியச் சொன்னோம். சாய்வுமானி நான்கு பாகை காட்டியது. எக்ஸ்ரே எடுக்கவில்லை, ஆறு மாதம் கழித்து அழைத்து வரும்படி தாயிடம் தேதி எழுதிக் கொடுத்திருக்கிறோம். தோட்டத்துக்கு ஜீப் ஓடாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டார். புறநோயாளிப் பிரிவு அன்று இல்லை என்றாலும், வார்டில் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.